மலையகத்தில் தொழிற்பயிற்சிப் பட்டறைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்தும் கனடா, லண்டன் பக்கமிருந்தும் இலங்கையின் மலையகத்துக்கு வருகிறவர்களில் சிலர், நுவரெலியாவையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் பார்த்த கையோடு, "தோட்டத்துப் பிள்ளைகள் தொழில் பழகும் இடத்தையும் ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். நான் ஹட்டன் பக்கம் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வந்து சேரும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பட்டறை என்று போனால் அங்கே என்ன இருக்கும்?

பெரிய கட்டடத்தை எதிர்பார்த்து வராதீர்கள். பல இடங்களில் தகரக் கூரை போட்ட நீளமான மண்டபம் ஒன்றுதான் இருக்கும். வைஸ் பூட்டிய மேசைகள், பலகையில் அடித்த வயரிங் பயிற்சி, ஒரு மூலையில் வெல்டிங், வெளியே எஞ்சினைக் கழற்றிப்போட்ட ஒரு பழைய ஆட்டோ. பக்கத்து அறையில் தையல் இயந்திரங்களோ கம்ப்யூட்டர்களோ இருக்கலாம்.

நடத்துகிறவர்கள் பல வகை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிற்பயிற்சி அதிகாரசபைக்குச் சிறிய ஊர்களிலும் நிலையங்கள் உண்டு. கண்டி, பதுளை போன்ற இடங்களில் தொழில்நுட்பக் கல்லூரிகள் இருக்கின்றன. ஹோட்டல் வேலை பழகுவதற்கு, சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் கிளைகள் கண்டியிலும் பண்டாரவளையிலும் உள்ளன. ஹட்டனில் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் பெயரில் தொடங்கிய தொழிற்பயிற்சி நிலையத்தை இந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. தேவாலயங்களும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சிறிய நிலையங்கள் வேறு.

நைட்டா என்று எல்லாரும் சொல்லும் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் வழி சற்று வேறு. அங்கே பதிந்த பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒரு கராஜிலோ தொழிற்சாலையிலோ ஒரு பாஸுக்கு, அதாவது கைதேர்ந்த தொழிலாளிக்கு, கீழே நின்று வேலை பழகுவார்கள். சிறு கொடுப்பனவு கிடைக்கும். அவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கராஜுக்குத்தான் போக வேண்டும். என்னைக் கேட்டால், மலையகத்தில் பார்க்க வேண்டிய பட்டறை அதுதான். வருகிறவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டுப் பெயர்ப்பலகை உள்ள கட்டடத்துக்கே போகிறார்கள்.

அங்கே படிக்கிற பிள்ளைகள் யார்?

பெரும்பாலும் பதினாறு வயதிலிருந்து இருபதுகளின் நடுப்பகுதி வரை. சாதாரண தரம் (பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சை) எழுதியவர்கள், உயர்தரம் (பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சை) எழுதிப் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள், கொழும்பில் கடையொன்றில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவர்கள். சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களுக்கும் பல பாடநெறிகளில் இடம் உண்டு.

பின்னணி தெரிந்துகொண்டு வருவது நல்லது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட சமூகம் இது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான். தோட்டத்து நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் 1,350. அதற்கே எவ்வளவு கத்த வேண்டியிருந்தது! அப்பா அம்மா கொழுந்து பறிக்கவும் கவ்வாத்து (செடி வெட்டுவது) செய்யவும் போன அதே மலையில் வேலைக்குப் பெயர் பதிய இந்தப் பிள்ளைகளுக்கு விருப்பமில்லை. ஆகவே வயரிங்கோ மோட்டார் மெக்கானிக்கோ படிப்பது பொழுதுபோக்குக்காக அல்ல. லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து) வெளியே போக அவர்களுக்குத் தெரிந்த சில வழிகளில் அது ஒன்று.

யாரிடம் அனுமதி கேட்பது? நேரே போய் வாசலில் நிற்கலாமா?

நிற்காதீர்கள். வாசலில் வந்து நிற்பவரை 'போங்கள்' என்று சொல்ல மலையகத்தில் யாருக்கும் வாய் வராது. வகுப்பை நிறுத்தி, கதிரை போட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுப்பார்கள். அன்றைய பாடம் அதோடு போய்விடும்.

அரசு நிலையமென்றால் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் கேளுங்கள். அவர் மாவட்ட அலுவலகத்திடம் அனுமதி பெற வேண்டியிருக்கலாம், அதனால் இரண்டு மூன்று வாரம் முன்கூட்டியே எழுதுவது பாதுகாப்பு. தொண்டு நிறுவன நிலையங்களில் ஒரு தொலைபேசி அழைப்பே போதுமாக இருக்கும். கராஜ் என்றால் பாஸிடம் நேரில் கேட்கலாம், ஆனால் முதல்நாள் கேளுங்கள்.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"ஐயா/அம்மணி, நான் கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார் பழுதுபார்க்கும் தொழில் செய்கிறேன். அடுத்த மாதம் குடும்பத்துடன் ஹட்டன் வருகிறேன். உங்கள் நிலையத்தின் மின்னியல் பட்டறையை வகுப்புக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க விரும்புகிறேன். இரண்டு பேர் வருவோம். படம் எடுக்க மாட்டோம். வசதியான நாளைத் தெரிவித்தால் நன்றி."

நீங்கள் யார், என்ன தொழில், எத்தனை பேர், எவ்வளவு நேரம், படம் உண்டா இல்லையா. இவ்வளவும் இருந்தால் பதில் வேகமாக வரும். 'சேவை மனப்பான்மையுடன்', 'இளைய தலைமுறைக்கு ஊக்கமளிக்க' என்றெல்லாம் எழுதினால் நீங்கள் மேடை எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைத்து மாலையும் வரவேற்புப் பாட்டும் ஏற்பாடு செய்துவிடுவார்கள்.

நிலையம் உண்மையானதா என்று எப்படித் தெரியும்?

இலங்கையில் தொழிற்பயிற்சி நடத்தும் நிறுவனங்கள் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்ய வேண்டும். பதிவான நிறுவனங்களையும் பாடநெறிகளையும் ஆணைக்குழுவின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவில்லாத ஒரு தையல் வகுப்பு மோசமானது என்று அர்த்தமில்லை. கோயில் மண்டபத்தில் அக்கா ஒருவர் நல்ல மனதோடு நடத்தலாம். ஆனால் 'சான்றிதழ் கிடைக்கும்' என்று சொல்லி பிள்ளைகளிடம் காசு வாங்குகிற இடமாக இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

என்.வி.கியூ. என்று சொல்கிறார்களே, அது என்ன?

தேசிய தொழில் தகைமை. ஏழு மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். பட்டறையில் நீங்கள் சந்திக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் 3 அல்லது 4க்குப் படிப்பவர்கள். தமிழ்நாட்டில் ஐடிஐ முடித்தவர்களுக்கு அந்தப் படிப்பின் சூழல் பழக்கமாகத்தான் தெரியும், ஆனால் ஒன்றுக்கு ஒன்று சரிசமம் என்று சொல்லிவிட முடியாது.

வகுப்பில் உட்காராமல் வேலை செய்தே தொழில் பழகியவர்களும் திறமையை மதிப்பிடச் செய்து இந்தச் சான்றிதழைப் பெறலாம். பத்து வருடம் கராஜில் நின்ற அண்ணன்மாருக்கு அது பெரிய உதவி. இப்படி ஒரு வழி இருப்பது தோட்டங்களில் இன்னும் பல பேருக்குத் தெரியாது.

எந்த மாதம், எந்த நாள் போகலாம்?

செவ்வாய் முதல் வியாழன் வரை நல்லது. ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அதை நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள். ஏப்ரல் நடுவில் புத்தாண்டு, தீபாவளி வாரம், டிசம்பர் கடைசி ஆகிய மூன்றிலும் பட்டறை காலியாகக் கிடக்கும். அரசு நிலையங்களில் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பிள்ளைகள் சேர்வார்கள். சேர்ந்த முதல் மாதம் போனால் கோட்பாட்டு வகுப்புத்தான் பார்க்கலாம். மூன்று நான்கு மாதம் கழித்துப் போனால் கையில் வேலை ஓடும்.

மழையையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன், மஸ்கெலியா, நோர்ட்டன் பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பசறைப் பக்கத்தில் வருடக் கடைசியில்தான் கூடுதல் மழை. டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் போயா வரை சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம், அப்போது வார இறுதியில் ஹட்டன் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது.

எப்படிப் போவது?

கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகும் கோச்சிதான் (ரயில்) எல்லாருடைய ஆசையும். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, அப்புத்தளை, பண்டாரவளை எல்லாம் அந்தப் பாதையில்தான். ஆனால் 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மண்சரிந்து அந்தப் பாதை பல இடங்களில் பலமாகச் சேதமடைந்தது. எந்தப் பகுதி ஓடுகிறது, எது ஓடவில்லை என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டே திட்டம் போடுங்கள். பஸ்ஸில் என்றால் அவிசாவளை, கினிகத்தேனை வழியாக ஹட்டன்.

டவுனிலிருந்து நிலையத்துக்கு ஆட்டோ. தோட்டத்துக்குள் இருக்கும் நிலையமென்றால் பாதை குண்டும் குழியுமாக இருக்கும், வாடகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வேனில் பதினைந்து பேராகப் போக வேண்டாம். இரண்டு மூன்று பேர் போதும்.

போய் என்ன கேட்பது? எனக்கு அந்தத் தொழிலே தெரியாதே.

தொழில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கேள்வி மட்டும் தவறாமல் கேளுங்கள்: "போன முறை முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்?"

நல்ல போதனாசிரியர் இதற்கு உடனே விரல் மடக்கிச் சொல்வார். ஒருவன் தலவாக்கலையில் ஆட்டோ திருத்துகிறான், இரண்டு பேர் வத்தளையில் கம்பெனி ஒன்றில், ஒருத்தி கட்டாரில், ஒருவன் தேயிலை ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ஃபிட்டருக்கு உதவி, மூன்று பேர் கொழும்பில் புடவைக்கடையில். கடைசி மூன்று பேரைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறவரை நம்பலாம். வெல்டிங் படித்துவிட்டுப் புடவைக்கடையில் நிற்கிற பிள்ளையின் கதை, அந்த நிலையத்துக்கு எது இல்லை என்பதை உங்களுக்குச் சொல்லிவிடும். 'எல்லாருக்கும் நல்ல வேலை கிடைத்துவிட்டது' என்று பொதுவாகச் சொன்னால், தொடர்ந்து பார்க்க அங்கே ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மொழி. பாடம் தமிழிலா, சிங்களத்திலா? போதனாசிரியர் தமிழில் பேசுவாரா, இல்லை வகுப்பில் சிங்களம் தெரிந்த பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறதா? மதிப்பீடு செய்ய வருகிறவர் எந்த மொழியில் கேட்பார்? மலையகத்தில் தொழிற்பயிற்சியின் பெரிய இடறல் இதுதான் என்பது என் எண்ணம். தமிழ்மொழி மூலம் கற்பிக்கத் தெரிந்த, கையால் வேலையும் செய்யத் தெரிந்த ஆட்கள் குறைவு. நல்ல வயரிங்காரன் பயிற்றுநர் சம்பளத்துக்கு வரமாட்டான், வெளியே அதைவிடக் கூட உழைப்பான்.

பிறகு பொருள். ஒரு பிள்ளை பயிற்சிக்காக எத்தனை வெல்டிங் கம்பி எரிக்கலாம்? வயர் புதிதா, கழற்றிக் கழற்றிப் பூட்டிய பழைய வயரா? கம்பி எரித்தால்தான் வெல்டிங் வரும், கரும்பலகையில் வராது. இயந்திரம் புத்தம் புதிதாக, மேலே பொலித்தீன் உறை கூடக் கழற்றாமல் நிற்கிறதென்றால் யாரோ அன்பளிப்புச் செய்தது, ஆனால் அதை ஓட்டத் தேவையான சாமானுக்குக் காசில்லை என்று அர்த்தம். இதை நீங்களே கண்டுபிடித்தாலும் எல்லார் முன்னாலும் சொல்லிக் காட்டாதீர்கள்.

நேரம் இருந்தால் இன்னொன்று: இடையில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள்? பாடநெறி இலவசமாக இருக்கலாம், கட்டணம் குறைவாக இருக்கலாம். பஸ் காசும் மதியச் சாப்பாடும் இலவசமில்லை. மாதக் கடைசியில் வருகை குறைவதைப் பதிவேடு பார்த்தாலே தெரியும்.

பிள்ளைகளோடு எப்படிப் பேசுவது?

தம்பி, தங்கச்சி என்று பேசலாம், வயது கூடியவர்களை அண்ணா என்று கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். போதனாசிரியரை எல்லாரும் சேர், மிஸ் என்பார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள். வேலையைப் பற்றிக் கேளுங்கள். "இந்த மூட்டு ஏன் இப்படி வளைந்திருக்கு?" என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார்கள். "லயத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள், அப்பா குடிப்பாரா, அம்மாவுக்கு எவ்வளவு சம்பளம்" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். இப்படிக் கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் உங்கள் ஊர்த் தொழிற்பயிற்சிக் கூடத்துக்கு வெளிநாட்டுக்காரர் வந்து உங்கள் பிள்ளையிடம் இதைக் கேட்டால் விடுவீர்களா?

'இந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள் தானே நீங்கள், எந்த ஊர்?' என்பதும் அப்படித்தான். இருநூறு வருடமாக இங்கே இருக்கிறவர்கள். திருச்சிப் பக்கம் என்று தாத்தா சொன்னதாகச் சிலர் சொல்வார்கள், பலருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

படம், வீடியோ எடுக்கலாமா?

கை, கருவி, செய்த பொருள் இவற்றை எடுக்கலாம், அதுவும் கேட்டுவிட்டு. முகம் வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் அங்கே இருப்பார்கள். அவர்களுடைய முகத்தை இணையத்தில் போட அவர்கள் சம்மதமும் பெற்றோர் சம்மதமும் வேண்டும். போதனாசிரியர் தலையாட்டியது அதற்கு ஈடாகாது. தனிப்பட்ட தொலைபேசி எண்ணை வாங்குவது, பிள்ளையைத் தனியாகச் சாப்பிடக் கூட்டிப்போவது இரண்டும் கூடவே கூடாது. நீங்களே தவறாக எதையாவது கண்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 எண்ணுக்கு அழைக்கலாம். இலங்கையில் வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. கராஜில் அதைவிடச் சின்னப் பிள்ளை வேலை செய்தால் அதை 'தொழில் பழகுகிறான்' என்று விட்டுவிட முடியாது.

என்ன கொண்டுபோகலாம்?

இனிப்பும் பேனாவும் வேண்டாம். அவர்கள் நர்சரிப் பிள்ளைகள் இல்லை. முதலில் நிலையத்திடம் 'என்ன குறைகிறது' என்று கேளுங்கள், பதில் உங்களை ஆச்சரியப்படுத்தும். வெல்டிங் கையுறை, மல்டிமீட்டர், காப்பிட்ட பிளையர், தையலுக்கு நல்ல கத்தரிக்கோல், அளவெடுக்கும் டேப், இவ்வளவுதான் பெரும்பாலும்.

மின்கருவி கொண்டுவருகிறவர்கள் கவனிக்க: இலங்கையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவில் வாங்கிய 120 வோல்ட் துளைப்பான் இங்கே சும்மா பாரம்தான். பிளக்கும் இந்தியாவுடையது அல்ல. பழைய கட்டடங்களில் உருண்டை முனை இருந்தாலும், இப்போது நியமம் மூன்று சதுர முனை 13 ஆம்பியர். கருவிகளை விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் போடுங்கள். லித்தியம் பேட்டரியைத் தனியாகக் கழற்றினால் அது மட்டும் கைப்பையில்தான் வர வேண்டும். கட்டுக்கட்டாகக் கொண்டுவந்தால் சுங்கத்தில் வரி கேட்பார்கள்.

இதெல்லாம் தொல்லையென்றால் இங்கேயே வாங்குங்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகத்துக்குப் பஞ்சிகாவத்தை, இரும்புச் சாமான், கருவிகளுக்குப் பழைய சோனகத் தெரு. உடைந்தால் மாற்றவும் ஆள் இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரக்கூடிய, வேறு யாராலும் முடியாத ஒன்று உண்டு: தமிழில் தொழிற்புத்தகங்கள். சென்னை கிண்டியில் இருக்கும் தேசிய பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம், நிமி என்பார்கள், ஐடிஐ பாடங்களைத் தமிழிலும் வெளியிடுகிறது. எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் புத்தகங்களில் படங்கள் நிறைய. சிங்களக் கைநூலை வைத்துத் திண்டாடும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம். ஒரே எச்சரிக்கை: வயர் நிறம், பிளக், மின்னிணைப்பு விதி எல்லாம் இரண்டு நாட்டிலும் ஒன்றல்ல. புத்தகத்தைப் பிள்ளை கையில் நேரே கொடுக்காமல் போதனாசிரியரிடம் கொடுங்கள், எந்தப் பகுதியைத் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

பணம் கொடுக்கலாமா?

கையில் வேண்டாம். பிள்ளைக்கும் வேண்டாம், போதனாசிரியருக்கும் வேண்டாம். நிலையத்தின் கணக்குக்கு, ரசீதோடு, எதற்கு என்று எழுதிக் கொடுங்கள். அரசு நிலையத்தில் அப்படிப் பணம் வாங்க முடியாவிட்டால் பொருளாகக் கொடுத்து, பொருட்பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சிலர் 'ஒரு பிள்ளையின் படிப்பை நான் ஏற்கிறேன்' என்பார்கள். ஏற்பதென்றால் பாடநெறி முடியும்வரை மாதாமாதம் பஸ் காசு. முதல் இரண்டு மாதம் அனுப்பிவிட்டு நிறுத்தினால், அதை நம்பிச் சேர்ந்த பிள்ளை மூன்றாம் மாதம் நின்றுவிடும். முழுத்தொகையையும் முதலிலேயே நிலையத்திடம் கொடுத்துவிட முடியுமென்றால் செய்யுங்கள், இல்லையென்றால் வெல்டிங் கம்பி வாங்கிக் கொடுங்கள்.

எனக்கு அந்தத் தொழில் தெரியும். சில நாள் தங்கிக் கற்றுக்கொடுக்கலாமா?

சுற்றுலா அனுமதியில் வேலை செய்யக்கூடாது, சம்பளமில்லாத வேலையும் அதில் அடங்கும். தங்கிக் கற்பிக்க வேண்டுமென்றால் நிலையம் உங்களை முறையாக அழைத்து, அதற்குரிய விசா எடுக்க வேண்டும். பார்க்கப் போன இடத்தில், போதனாசிரியர் கேட்டு, ஒரு மோட்டார் சுற்றுவதில் உங்களுக்குத் தெரிந்த கைவாகைக் காட்டிவிட்டு வருவது வேறு. பாடத்தின் நடுவில் புகுந்து 'எங்கள் ஊரில் இப்படிச் செய்யமாட்டோம்' என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். பிள்ளைகள் முன்னால் அந்தச் சேர் சிறுத்துப்போவார், நீங்கள் அடுத்த பஸ்ஸில் போய்விடுவீர்கள்.

பெண்பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?

தையல்தான் இன்னும் முன்னால். ஜூக்கி இயந்திரம் ஓட்டப் பழகி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். அழகுக்கலை, கேக் மற்றும் வெதுப்பக வேலை, தாதி உதவியாளர், முதியோர் பராமரிப்பு, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி என்று பட்டியல் போகும். மின்னியலிலும் வாகனம் திருத்துவதிலும் பெண்பிள்ளைகளைக் கண்டால் அதிசயம்தான். திறமை காரணமில்லை. அந்தி சாய்ந்தபின் கடைசி பஸ்ஸில் இறங்கித் தேயிலை மலைக்கு நடுவே தனியாக ஏற வேண்டும், அதற்கு எந்த அம்மா சம்மதிப்பார்? விடுதி உள்ள நிலையங்களில் மட்டும் இது கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆகவே பெண்பிள்ளைகளுக்கு உதவ நினைக்கிறவர்கள் இயந்திரம் வாங்கித் தருவதைவிட விடுதிக் கட்டணத்தைப் பற்றிக் கேளுங்கள்.

பட்டறையில் செய்ததை வாங்கலாமா?

விற்பனைக்கு வைத்திருந்தால் தாராளமாக. துணிப்பை, தலையணை உறை, கேக், சில இடங்களில் சின்ன இரும்பு மேசை கூட இருக்கும். விலை பேசிக் குறைக்காதீர்கள். பயிற்சிக்காகச் செய்ததைக் கேட்டு வாங்காதீர்கள், மதிப்பீட்டுக்கு அது தேவைப்படும்.

ஒரு பிள்ளையை நான் இருக்கிற நாட்டுக்கு வேலைக்கு எடுக்கலாமா?

'எடுத்துவிடுறேன்' என்ற சொல்லை மட்டும் பட்டறையில் சொல்லாதீர்கள். நீங்கள் சும்மா சொன்னது அன்று மாலையே லயம் முழுக்கப் பரவி, அந்த வீட்டில் கடன் வாங்கி பாஸ்போர்ட் எடுப்பார்கள். உண்மையாகவே வேலை இருந்தால், வெளிநாட்டு வேலைக்குப் போகிற இலங்கையர் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே போக வேண்டும். ஆள் சேர்க்கும் முகவருக்கு அதன் உரிமம் வேண்டும். உங்கள் நிறுவனத்தின் கடிதத்தோடு நிலையத்துக்கு எழுதுங்கள், எல்லாப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கட்டும். உங்களுக்குப் பிடித்துப்போன ஒருவனைக் கைகாட்ட வேண்டாம்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா? ஆபத்து இல்லையா?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேலென்றால் கூட்டிப்போங்கள், நல்லது. மூடிய சப்பாத்து போட வேண்டும், செருப்பு ஆகாது. துப்பட்டா, சேலை முந்தானை, கழுத்துச் சங்கிலி எதுவும் சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தொங்கக்கூடாது. வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது, அன்று இரவு கண்ணில் மணல் போட்டதுபோல் எரியும். ஏதாவது நடந்தால் 1990க்கு அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும்.

அனுமதி கிடைக்கவில்லை. வேறு எங்கே போகலாம்?

கண்டி ஹந்தானையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய ஸ்டோர் ஒன்றையே அருங்காட்சியகமாக்கி, அந்தக் கால எஞ்சின்களையும் ரோலர்களையும் வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தில் ஆசை உள்ளவர்கள் அரை நாள் நிற்கலாம். குண்டசாலைக்குப் பக்கத்தில் நத்தரம்பொத்தையில் கலாபுர கைவினைக் கிராமம், அங்கே பித்தளை, வெள்ளி வேலைகளை வீடுகளிலேயே பார்க்கலாம். பார்வையாளரை உள்ளே விடும் தேயிலை ஸ்டோர்கள் கண்டியிலிருந்து நுவரெலியா போகும் வழியில் பல இருக்கின்றன. அங்கே வழிகாட்டி, கொழுந்து வாட்டுவதையும் அரைப்பதையும் சொல்லி முடித்த பிறகு, ஃபிட்டர் எங்கே என்று கேளுங்கள். அந்த ரோலர்களை ஓட வைத்துக்கொண்டிருப்பவர் அவர்தான், சுற்றுலாக்காரர் யாரும் அவரிடம் பேசுவதில்லை. அவருக்குக் கீழே பழகுகிற ஒரு தம்பியும் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பான்.